சுவருக்குப் பின்னால் தூங்கும் டவர்

– நீங்க என்ன சொன்னாலும் சரி தம்பி, அந்த டவரைத் தூங்க வெச்ச புண்ணியவான் நீங்கதான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, எங்க வீட்டுக்காரர் உள்ள படுத்திருக்கார்.

– அம்மா, நான் வந்த விஷயமே வேற. டவருக்குப் போற பின்பக்கக் கேட் சாவி மட்டும் குடுத்தீங்கன்னா…

– தர்றேன், தர்றேன். முதல்ல டீயைக் குடிங்க. ராத்திரி பஸ் ஓட்டற மனுஷன் தம்பி அவர். பகல்ல தூங்கினாத்தான் உண்டு. உங்க டவர் ரூம் ஃபேன் இந்தச் சுவத்துக்குப் பின்னாடி மாவு மில் மாதிரி ஓடிக்கிட்டே கிடக்கும். காதுல பஞ்சை அடைச்சுப் பார்த்தார், கட்டிலை நகர்த்திப் பார்த்தார், ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் ஸ்டியரிங்ல கண் அசந்துட்டார். பஸ் நிறைய ஜனம். ஏதோ நல்ல நேரம், ரோட்டோரத்து மண்ணுல ஏறி நின்னுடுச்சு.

– அடடா. இது எனக்குத் தெரியாதே.

– அப்புறம் நீங்க வந்து என்னத்தையோ மாத்திட்டுப் போனீங்க. அன்னிக்கு மத்தியானம் உள்ளருந்து குறட்டை கேட்டுச்சு பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. கல்யாணம் ஆனதுலருந்து அந்தக் குறட்டையைத் திட்டிக்கிட்டே இருந்தவ நான்.

– உள்ளதைச் சொல்லிடறேம்மா. உங்களுக்காக நான் செய்யல. அந்த டவர் விமானத்துல போறவங்களுக்கு இன்டர்நெட் குடுக்கறது. மேல ஒரு விமானமும் இல்லாதப்பவும் சும்மா கரண்டைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு, ஆளில்லாத ரூம்ல லைட் எரியற மாதிரி. அதான், யாரும் வராதப்போ தூங்கு, விமானம் கிட்ட வந்தா முழிச்சுக்கோன்னு ஏற்பாடு பண்ணினேன். டவர் தூங்கினா ஃபேனும் நின்னுடும், கரண்டு பாதிக்குப் பாதி மிச்சம்.

– யாருக்காகச் செஞ்சா என்ன? தூங்கினது எங்க வீடு. உங்களை நினைக்காம நான் ஒரு நாளும் சாப்பிட உக்கார்றதில்ல.

– இப்படிச் சொன்னா எனக்கு வாயே வரமாட்டேங்குதும்மா. நான் இன்னிக்கு அதை நிறுத்தத்தான் வந்திருக்கேன்.

– எதை?

– டவர் தூங்கறதை. இனிமே பழையபடி நாள் பூரா ஓடும். புகார் வந்திருக்கு. விமானத்துலருந்து ஒருத்தர் இந்த இன்டர்நெட்டுல போன் பேசிக்கிட்டு இருக்கும்போதே, சரியா இந்த டவர்கிட்ட வந்ததும் லைன் போயிடுச்சாம். டவர் முழிக்க லேட் பண்ணிடுச்சுன்னு மேலிடத்துல முடிவு கட்டிட்டாங்க.

– பண்ணுச்சா?

– பண்ணலன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா பேசினவரே லைன் போச்சுன்னு சொல்றாரே, நான் என்னத்தைச் சொல்ல? இங்க சரியில்லன்னா மத்த டவர்லயும் இந்த ஏற்பாட்டை எடுத்துடுவாங்க. நானும் ரெண்டு வருஷமா இதுக்காக நாயா அலைஞ்சிருக்கேம்மா.

– யாரு அந்த மகராசன்? நான் வேணா கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேனே.

– அவரைத் தப்பு சொல்ல முடியாதும்மா. சொந்த ஊருக்கு மேல பறக்கும்போதெல்லாம் அம்மாவுக்குப் போன் போடற ஆளாம். போன வாரம் "நம்ம வீட்டு மேலதான் வர்றேன்"னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அம்மா குரல் நின்னுடுச்சாம். முட்டில ஆபரேஷன் பண்ணின அம்மா, எங்கயாவது விழுந்துட்டாங்களோன்னு இறங்கற வரைக்கும் பதறிப் போயிருக்கார். அப்புறம் விசாரிச்சா, லைன் தானாப் போச்சுன்னு அந்த அம்மாவே சொன்னாங்களாம்.

– போன வாரம்னா சொன்னீங்க?

– ஆமாம்மா. நான் சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பிடறேன். சாவி…

– சாவி கிடக்கட்டும் தம்பி, உங்க போனை எடுத்து நான் சொல்ற நம்பருக்குப் போடுங்க, என் புள்ளைகிட்ட நானே சொல்லிடறேன்: உங்க டவர் நேரத்துக்கு முழிச்சுது, அந்த ஃபேன் சத்தம் கேட்டுத்தான், தலைக்கு மேல வந்துட்டான்னு நான் மொட்டை மாடிக்கு ஓடினேன், மாடிப்படி ஏறமாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணின காலோட, ரெண்டு கையையும் தூக்கி அவனுக்கு ஆட்டினேன், கையில இருந்த போன் தண்ணித் தொட்டிக்குள்ள போயிடுச்சு.