அரசாங்க வக்கீலின் தொண்டை

நடிகர்: நிறுத்துடா! அந்த மைக்கை விட்டுத் தள்ளி நில்லு!

குரல்காரர்: மெதுவாண்ணே... தொண்டை கட்டிக்கிச்சு. காலையிலேருந்து வெந்நீராக் குடிக்கிறேன்.

நடிகர்: கட்டட்டும்! பதினெட்டு வருஷமா டிவி சீரியல் கோர்ட்டு சீன்ல நான் வாயசைக்கிறேன், நீ பேசுற. அரசாங்க வக்கீல்னா ஜனங்களுக்கு என் மூஞ்சி, உன் குரல். இன்னிக்கு என் வாயில எதைத் திணிக்கப் போற? படி பாப்போம்.

குரல்காரர்: 'போதிய சாட்சி இல்லை. வழக்கை வாபஸ் வாங்கிக்கறோம்.'

நடிகர்: தூ! ஒரு தையல்காரியைக் கார் ஏத்திக் கொன்னவன்டா அவன். அத்தனை சாட்சியையும் நான்தானே விசாரிச்சேன்!

டைரக்டர்: சார், உங்க ஷூட்டிங்தான் முடிஞ்சுதே. டப்பிங் ரூம்ல என்ன வேலை?

நடிகர்: வாங்க தம்பி. இந்த வசனத்தைப் பேச மாட்டேன்னு செட்டுலயே சொன்னேனா இல்லையா?

டைரக்டர்: சொன்னீங்க. உதடு அசைஞ்சாப் போதும், சும்மா ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க, டப்பிங்ல பாத்துக்கலாம்னேன். எண்ணினீங்களே!

நடிகர்: எண்ணினா... எதை வேணா ஒட்டிடுவீங்களா?

டைரக்டர்: கார் ஏத்தினவனா நடிக்கிற பையனை ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு சார். இனிமே அவன்தான் ஹீரோ. ஜெயில்ல வெச்சு எப்படிக் கல்யாணம் பண்றது?

நடிகர்: அழகாச் சிரிச்சா கொலை இல்லைன்னு ஆயிடுமா?

டைரக்டர்: கதைதானே சார்...

நடிகர்: உனக்குக் கதை! பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'என் பொண்ணையும் இப்படித்தான்யா ஒருத்தன் கார்ல அடிச்சுப் போட்டுட்டுப் போனான். எங்க வக்கீல் வாயே தொறக்கல. நீங்களாவது இவனை விட்றாதீங்க'ன்னா. சரிம்மான்னு சொல்லிட்டேன்யா! இன்னிக்கு அவ டிவி முன்னாடி உக்காருவா.

டைரக்டர்: எட்டு மணிக்கு ஒளிபரப்பு... அண்ணே, இவரை விடுங்க. நீங்க ஆரம்பிங்க.

குரல்காரர்: 'போதிய...' க்கும்... 'போதிய சா...' வர மாட்டேங்குதே தம்பி.

டைரக்டர்: போச்சுடா! இருங்க, இதே மாதிரி குரல் எவனுக்காவது இருக்கான்னு பிடிச்சுட்டு வரேன்.

நடிகர்: பேசத்தானே பாத்த? வெக்கமாயில்ல? கூலிக்கு மாரடிக்கிற பய!

குரல்காரர்: போயிட்டானா?

நடிகர்: போயிட்டான். அதுக்கென்ன?

குரல்காரர்: கதவைச் சாத்துங்க.

நடிகர்: டேய்... குரல் கணீர்னு வருது!

குரல்காரர்: செட்டுல நீங்க எங்கண்ணே எண்ணினீங்க?

நடிகர்: ...எண்ணினேனே.

குரல்காரர்: ஜெனரேட்டர் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. உங்க உதட்டை இத்தனை வருஷமாப் பாக்கறவன்கிட்டயேவா? 'உயிரே போனாலும் இந்த வழக்கை விட மாட்டேன்'னுதானே அசைஞ்சுது?

நடிகர்: ...ஆமாடா. அந்தம்மா முகம் வந்து நின்னுடுச்சு. இப்ப என்னடா பண்றது?

குரல்காரர்: பண்ணியாச்சு. உதடு சொன்னதைக் காலையிலயே பேசி, சவுண்டு என்ஜினீயர் கையில சேனலுக்கு அனுப்பியாச்சு. வேற ஒன்னு போகாத வரைக்கும் அதுதான் ஓடும். எட்டு மணி வரைக்கும் இழுக்கத்தான் இந்த வெந்நீரு. நாளைக்கு ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது, அது வேற... காலடிச் சத்தம் கேக்குது. ம், திட்டுங்கண்ணே, இன்னும் சத்தமா!