துருவுக்குக் கழிவு

"ஏனுங்க, துருவுக்குமா கழிவு போடுவீங்க?"

குன்னூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் இப்படிக் கேட்டாள். அரவேணுவில் ஏறியவள். பக்கத்தில் இருந்தவர் கோயமுத்தூர்க்காரர். அவள் மாமனார் எப்போதோ ஒரு துரையிடம் வாங்கிய காரை விலை பேச வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"பாதி துருவாப் போச்சுக்கா. பழைய இரும்பு எடைதான் வரும். அதுலயும் துருவக் கழிக்கணுமில்ல?"

"தேயிலையில தண்ணி இருக்குன்னு ஃபேக்டரியில கழிப்பாங்க. நல்ல வெயில்ல பறிச்சாலும் கழிப்பாங்க. நீங்க அவங்களுக்குச் சொந்தமுங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இப்ப இலை விக்கற வெலையில, திங்கக்கிழமை மக காலேஜுக்கு எப்படிக்கா பணம் கட்டுவீங்க? நான் கையில தரேன். இரும்ப எடுத்துட்டுப் போறேன்."

"இரும்பு எடுக்கறவரு தரையில படுத்து, அடியில டார்ச் அடிச்சுப் பாப்பாருங்களா? நீங்க அதை ஓட்டத்தான் வந்திருக்கீங்க."

அவர் கீழே இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, நான் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"எஸ்டேட்டுல அட்வான்ஸ் வாங்கிக் கூலிக்கு இலை பறிப்பேன். சொந்தத் தோட்டக்காரி கூலிக்குப் போறாளேன்னு ஊரே சிரிக்கட்டும். எங்க இலைதான் அவங்க கேக்கற வெலைக்குப் போச்சு. இது போகாதுங்க."

பஸ் இரண்டு வளைவு திரும்பியது.

"கிலோக் கணக்க விடுங்கக்கா. வண்டிக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"இப்பத்தான் உங்க வாயில வண்டின்னு வருது. இனிப் பேசலாமுங்க."