பிரசவ அறைக்கு அடித்த சிவப்பு

உச்சி நேரம். ஆனி மாதச் சாரல். மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற ரோட்டில் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. தென்னந்தோப்புக்குள் பிரிகிற மண்பாதையில் சிவசைலம் மட்டும் போய்க்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் பெயிண்ட் டின்...

நம்ம கூட்டாளி கடற்கரை இருக்கானே, அவனுடைய பெரியப்பாதான் இந்தச் சிவசைலம். தென்காசியில் பெயிண்டர். அறுபத்தொன்றாம் வருஷம் நடந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

தோப்புக்குள் ஒற்றை வீடு. அவன் தங்கை மங்களேஸ்வரி அங்கே நிறைமாதமாக இருந்தாள். புருஷனுக்கு மலை எஸ்டேட்டில் வேலை. மாதத்துக்கு ஒரு தரம்தான் இறங்குவான். முன்னால் மூன்று பிள்ளை பெற்றாள். ஒன்றுகூடப் பத்து நாள் தாண்டவில்லை.

"செக்கச் செவேல்னு அடிச்சிரு அண்ணே. ரத்தம் மாதிரி இருக்கணும்."

"பிள்ள பொறக்கப் போற ரூமுக்கு எவனாவது இந்தக் கலர் அடிப்பானா, ஏட்டி?"

அவள் குரலைத் தணித்தாள். "வெள்ளச் செவுத்துல அவ நிக்கது தெரிய மாட்டேங்குது. வெள்ளச் சேல. பிள்ளயத் தொட்ட பொறவுதான் கண்ணுக்குத் தெரியுறா. மூணாவதத் தூக்கிட்டுத் தென்காசிக்கு ஓடுனேன்... அங்கனயும் வந்துட்டா. செவப்புல நின்னா தெரியும்லா? கைய நீட்டுததுக்குள்ள தடுத்துருவேன்."

சிவசைலம் நம்பவில்லை. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு மறுக்கவும் முடியவில்லை. நாலு சுவருக்கும் அடித்தான். சாரலில் பெயிண்ட் காயவே இல்லை. வீடு முழுக்க டர்பன்டைன் நெடி.

அந்த அறையிலேயே பெண்பிள்ளை பிறந்தது. தங்கையைத் தனியே விட மனமில்லாமல் அவனும் அங்கேயே தங்கினான்.

மூன்றாம் நாள் மத்தியானம்... சுவர் மூலையில் சிவப்பு இல்லை. ஆள் உயரத்துக்கு வெறும் சுண்ணாம்பு. தலை, தோள், சேலை மடிப்பு. குனிந்து நிற்கிற பொம்பளை.

அவன் அதன் மேல் மறுபடி சிவப்பு அடித்தான். மறுநாள் உச்சிக்கு அந்த வெள்ளை இரண்டு முழம் தள்ளி இருந்தது. தொட்டில் இருந்த பக்கமாக.

அதன் பிறகு அவன் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. அடிப்பான், வெள்ளை நகரும். மறுபடி அடிப்பான். தொட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். அவளும் எதிர்ச் சுவருக்கு வந்தாள். மங்களேஸ்வரி கண் மூடவில்லை, சோறு இறங்கவில்லை. தொட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "என்னய எடுத்துக்கோ தாயே... என்னய எடுத்துக்கோ..." தொண்டை கட்டியும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்தாம் நாள் உச்சி. சிவசைலம் அறைக்குள் வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தான். நாலு சுவரும் முழுச் சிவப்பு. ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"போயிட்டாட்டி! போயிட்டா!" என்று அழுதேவிட்டான்.

மங்களேஸ்வரி அசையவில்லை. "செவுத்துல இல்லன்னா... அப்பம் எங்கண்ணே?"

அப்போதுதான் தரையைப் பார்த்தான். சுவரோரத்திலிருந்து ஈரச் சிவப்பாகக் காலடித் தடம். ஒன்று... இரண்டு... தொட்டில் வரைக்கும். திரும்பிப் போன தடம் இல்லை.

பிள்ளையை வாரிக்கொண்டு சாரலிலேயே ஓடினார்கள். குத்துக்கல்வலசையில் ஒரு வீடு பார்த்துக் குடியேறினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. நன்றாகவே வளர்ந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சிவசைலம் அங்கே போனான். உள்ளே பிள்ளை வீரிட்டு அழும் சத்தம். பிறகு தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசுகிற சத்தம்... கிரீச்... கிரீச்... அழுகை அடங்கியது. தங்கை ஆட்டுகிறாள் என்று நினைத்துக் கதவைத் தள்ளினான்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மங்களேஸ்வரி எட்டத்தில், சுவரோரம், இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாத அண்ணே. பிள்ள உசுரோட இருக்குல்லா... அவளே ஆட்டட்டும்."