கடிக்கலாம் என்றேன்

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். மதுரங்குளிச் சந்தியில் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு அது இல்லாமல் சரிவராது. ஊரில் யாருக்காவது பொலிசிலோ ஆஸ்பத்திரியிலோ பேச வேண்டியிருந்தால், ஹுனைஸைக் கூப்பிடு என்பார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போவேன். இப்ஹாமுக்காகவும் அப்படித்தான் போனேன்.

இப்ஹாமும் நானும் ஒரே மத்ரஸாவில் குர்ஆனை மனனம் செய்தவர்கள். முதலில் முடித்தவன் நான். ஆனால் நோன்பு மாதத்துத் தராவீஹ் தொழுகைக்கு ஊர் அவனைத்தான் முன்னால் நிறுத்தியது. நான் பின்னால் முதல் வரிசையில் நின்று, அவன் தடுமாறினால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் தடுமாறுவதேயில்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்காக வாய்மூடி நின்றேன். அவன் ஓதும்போது வயதானவர்கள் விம்முவது கேட்கும். எனக்கு வயிறு எரியும். அது பொறாமைதான், வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

போன வருடம் கரையில் படகு இழுக்கும்போது கயிறு அறுந்து அடித்ததில், அவனுடைய மேல் முன்பற்கள் இரண்டும் போயின. தாடை எலும்பும் நொறுங்கியது. ஓதலில் சில எழுத்துகளுக்கு நாக்கு நுனி அந்தப் பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். பிழையாக ஓதி மற்றவர்களின் தொழுகையைக் கெடுக்கக் கூடாது என்று அவனே விலகிக்கொண்டான். புத்தளத்தில் ஒரு பல் டொக்டர், சிங்களப் பெண், எலும்புத்தூள் வைத்துக் கட்டி, அதற்குள் இரண்டு திருகாணிகளை இறக்கினார். புது எலும்பு வளர்ந்து திருகாணியை இறுகப் பிடித்த பிறகுதான் அதன்மேல் பல் வைக்க முடியும்.

நோன்பு நெருங்கியதும், என்னை வைத்து அவரிடம் கெஞ்சினான். அவர் யோசித்து, ஓதுவதற்காக மட்டும் இரண்டு தற்காலிகப் பற்களைப் பொருத்தினார். எலும்பு இன்னும் இளசு, இவற்றால் எதையும் கடிக்கவே கூடாது, சில மாதம் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் கழன்றுவிடும் என்று என்னிடம் விளக்கமாகச் சொன்னார். விரலையும் ஆட்டிக் காட்டினார்.

"என்ன சொல்றாங்க மச்சான்?"

"எலும்பு நல்லாப் புடிச்சிட்டாம். நல்லாக் கடிச்சுத் தின்னட்டாம். கடிக்கக் கடிக்கத்தான் உறுதியாகுமாம்."

"அப்ப ஏன் விரலை ஆட்டுறாங்க?"

"வெத்தில மட்டும் வேணாமாம்."

இப்ஹாம் வெற்றிலை போடுவதில்லை. சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து டொக்டரும் சிரித்தார்.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு எங்கள் வீட்டுக் கொய்யாவை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். செங்காய்தான், பழுத்தது அவனுக்குப் பிடிக்காது. கடிக்கும்போது கொஞ்சம் நோகிறது என்றான். உறுதியாகிற நோவு என்றேன். அவன் மனைவி அஸ்ரியா ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் எனக்காகத் துஆ கேட்பதாகச் சொன்னாள்.

நோன்பு பாதி போயிருக்கும். தொழுகையில் அவன் ஓதல் நடுவில் நின்றது. எடுத்துக் கொடுத்தேன். அவன் தொடரவில்லை. சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கி, என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். அவன் விட்ட இடத்திலிருந்து நான் ஓதினேன். ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை. பின்னால் யாரும் விம்மவும் இல்லை.

திருகாணிகளோடு புது எலும்பும் சீழாகிப் போய்விட்டது. சொன்னதைக் கேட்காத ஆள் என்று டொக்டர் கோபப்பட்டார். உன் உடம்பு வாகு அப்படியாம் என்று அவனிடம் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றான். படகுக் கயிற்றில் என் கை இல்லை. அவன் ஓதலை அழித்தது நான்தான்.

இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து இன்னொரு தடவை செய்து பார்க்கலாம் என்கிறார் டொக்டர். அடுத்த கிழமை போகிறோம். பேசுவதற்கு வேறு யாரும் வேண்டாம், ஹுனைஸ் போதும் என்று இப்ஹாம் சொல்லிவிட்டான். இந்தத் தடவை டொக்டர் சொல்வதை அப்படியே சொல்வதாகத்தான் இருக்கிறேன்.

கொய்யாவும் இந்த வருடம் நல்ல காய்ப்பு.