இரண்டாவது மைக்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. ஆனால் முகத்துவாரக்குப்பம் பக்கம் பிரிகிறதே, அந்தச் சாலை... அதில் ஒரு நாய்கூட இல்லை. ஒரு பக்கம் கழிமுகத் தண்ணீர். இன்னொரு பக்கம் சாம்பல் படிந்த கருவேலம் புதர். எரிந்த எண்ணெய் வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து மூக்கில் ஏறின.

அந்தச் சாலையில் ஸ்கூட்டரில் போனவன் பகலவன். நம் லட்சுமணனின் அக்கா ரமாபாயைக் கட்டியவன். லட்சுமணன் இதோ, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். எங்காவது கூட்டிச் சொன்னால் அவனே பிடித்துக்கொள்ளட்டும்.

பகலவனுக்குத் தொழில் பழைய வாத்தியங்கள். கீபோர்டு, கிடார், ஸ்பீக்கர், மைக்... போனில் விளம்பரம் பார்த்து வாங்குவான். பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில் வைத்துப் படம் எடுத்து மறுபடி போனிலேயே விற்பான். கச்சேரிக் குழுக்காரர்கள், சர்ச்சில் பாடுகிறவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்.

ஆனால் அந்த வருஷம் அவனுக்கு ஒரு அடி விழுந்திருந்தது. நல்ல கிடார் ஒன்று வாங்கினான். திருட்டுக் கிடார். போலீஸ் ஸ்டேஷனில் பகல் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். ரமாபாய் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழாமல் இருந்ததுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்... அப்புறம்தான் விலை.

அன்று அவன் பார்க்கப் போனது ஒரு கார்ட்லெஸ் மைக் செட். ரிசீவர் என்று ஒரு பெட்டி, அதற்கு இரண்டு மைக். முதல் மைக்கை ஆன் செய்தால் பெட்டியில் முதல் பச்சை விளக்கு எரியும். இரண்டாவது மைக்குக்கு இரண்டாவது விளக்கு. ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம்தான் எட்டும். மைக்கை அதற்கு மேல் தூரம் கொண்டுபோனால் விளக்கு அணைந்துவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். பெயர் நர்மதா. முப்பது வயது இருக்கும். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. படியில் நின்றபடியே ரிசீவரையும் மைக் பெட்டியையும் நீட்டினாள். திறந்து பார்த்தான். மைக் ஒன்றுதான் இருந்தது. பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. பக்கத்துப் பள்ளம் காலி.

"இன்னாம்மா, ஒண்ணு தான் கீது? இன்னொண்ணு எங்க?"

"அது இல்லண்ணா."

"தொலஞ்சி பூட்ச்சா?"

"இல்லண்ணா. அவ்ளோதான்."

"செட்டு யாருது?"

"எங்க வூட்டுக்காரருது."

"அவரு எங்க?"

அவள் கழிமுகத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "வூட்ல இல்ல."

பகலவனுக்கு உள்ளே மணி அடித்தது. புருஷன் இல்லாத நேரத்தில் புருஷனுடைய பொருள். விலையும் பாதிக்குப் பாதி. "போட்டு பாக்கணும்மா" என்றான்.

"இங்க வோணாண்ணா. எடுத்துனு போயி உன் வூட்ல போட்டு பாத்துக்க."

விற்கிறவர்கள் இப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அவன் விடவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த சின்ன பேட்டரி ஸ்பீக்கரை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, ரிசீவரை மாட்டினான். அவள் படியிலிருந்து இறங்கினாள். சாலையைத் தாண்டி, விளக்குக் கம்பத்தையும் தாண்டிப் போய் நின்றுகொண்டாள்.

முதல் மைக்... சுத்தமான சத்தம். கரகரப்பு இல்லை.

அப்போது இரண்டாவது விளக்கு எரிந்தது.

அவன் எதையும் தொடவில்லை. ஸ்பீக்கரில் துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சரசரவென்று மணல் சரிகிற சத்தம். அப்புறம்... மூச்சு. நிதானமாக, நீளமாக.

சரிதான், அந்த இன்னொரு மைக் வீட்டுக்குள்தான் இருக்கிறது, யாரோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தான். விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தான். ஒரே அறை. ஒரு குண்டு பல்பு, ஒரு பாய், ஒரு அடுப்பு. ஒளிந்துகொள்ள ஒரு பீரோகூட இல்லை.

"அணைச்சிடுண்ணா!" சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கத்தினாள். "அணைச்சிட்டு எடுத்துனு போண்ணா!"

அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் செட் நல்ல செட். அவள் அடையாள அட்டையைக் கேட்டதும் கொடுத்தாள். 'என் சம்மதத்தோடுதான் விற்கிறேன்' என்று போன் கேமராவைப் பார்த்துச் சொல்லச் சொன்னான், சொன்னாள். குப்பத்துக் கோயிலில் ஏதாவது விசேஷமாக இருக்கும், அங்கே எவனோ இதே சேனலில் மைக் வைத்திருப்பான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு வாங்கி வந்துவிட்டான்.

வீட்டில் போட்டுப் பார்த்தபோது இரண்டாவது விளக்கு எரியவே இல்லை. ரமாபாய் அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்தப் பொண்ணு ஏன் இவ்ளோ அவசரமா சொல்லுது?"

அவன் ரிசீவரைத் துடைத்துப் படம் எடுக்கத் தொடங்கினான்.

சில நாள் கழித்து அலி அக்பர் வந்தார். தண்டையார்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவர். தொழிலில் பழுத்த ஆள். மைக் பெட்டியைத் திறக்காமலே ரிசீவரை மாட்டி ஆன் செய்தார்.

இரண்டாவது விளக்கு எரிந்தது.

ஸ்பீக்கரில் லாரியின் ஏர் ஹாரன். சங்கிலி இழுபடுகிற சத்தம். "வா... வா... ரைட்ல வா..." என்று ஒரு கிளீனரின் குரல். நூறு லாரி நிற்கிற இடத்தில் மைக்கைப் பிடித்த மாதிரி. பகலவன் வீடு இருக்கிற தெருவில் ஒரு மினி வேன் நுழைவதே கஷ்டம்.

"மாமு, இன்னொரு மைக்க எவன்கைல குடுத்து வச்சிகினு கீற?"

"எவன்கிட்டயும் இல்ல பாய். அது இல்லாம தான் வந்துச்சி."

அலி அக்பர் பெட்டியைத் திறந்தார். சிவப்பு டேப்பைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"இது ராமதாஸ் செட்டு மாமு. முகத்துவாரக்குப்பம் ராமதாஸ். கடலுக்குப் போற ஆளு, கச்சேரில பாடுவாரு. இந்த டேப்பு நான் தான் சுத்திக் குடுத்தேன்."

"அவரு எங்க பாய் இப்ப?"

"கடல்ல படகு கவுந்து பூட்டாரு. இன்னொரு மைக்க அவரு கைல வச்சி தான் பொதச்சாங்க. நானும் மண்ணு போட்டேன்."

அவரே பிளக்கைப் பிடுங்கினார். ரமாபாய் போட்டு வைத்த டீயைக்கூடத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார்.

நம் பகலவன் வீட்டைப் பற்றித் தெரியுமே. சாமியும் கிடையாது, பேயும் கிடையாது. அவனுக்குப் பயம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. எவனோ குழியைத் தோண்டி மைக்கை எடுத்திருக்கிறான். அவனும் அந்த நர்மதாவும் கூட்டு. நாளைக்கு ஒரு நாள் வந்து செட்டு என்னுடையது என்பான். மறுபடி ஸ்டேஷன்... மறுபடி அந்தப் பெஞ்சு. நர்மதாவுக்குப் போன் போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. எத்தனை முறை போட்டாலும் எடுக்கவில்லை.

அதிலிருந்து ரிசீவரை அவன் அணைக்கவே இல்லை. ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க ஸ்பீக்கர் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

"யோவ், அத அணைச்சிட்டு சாப்புட வாயேன்."

"இருடி. எவன்னு கண்டுபுடிக்கிறேன்."

மறுநாள் விடியற்காலை விளக்கு எரிந்தது. ஐஸ் கட்டி உடைத்துக் கொட்டுகிற சத்தம். பெண்கள் சண்டை போடுகிற மாதிரி விலை பேசுகிற சத்தம். மீன் ஏலக்காரன் ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். காசிமேடு. சந்தேகமே இல்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தானே. அதற்கு நடுவே... அந்த மூச்சு. அதே நிதானம்.

அன்று சாயங்காலம் மின்சார ரயிலின் ஹாரன் கேட்டது. கூடவே ஸ்டேஷன் அறிவிப்புக் குரல். வியாசர்பாடி ஜீவா.

அப்போதுதான் பகலவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். முதலில் எண்ணூர் ரோடு. அப்புறம் காசிமேடு. இப்போது நம் ஸ்டேஷன்.

நடந்து வருகிறான்.

ரமாபாய் சமையற்கட்டில் குக்கரை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவன் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினான். அப்படியே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் போயிற்று. ஸ்பீக்கரில் திடீரென்று ஒரு குரல். தெரிந்த குரல். பிளாக்குக்குக் கீழே இட்லிக் கடை போடுகிற கெங்கம்மா.

"இன்னா நைனா, எத்தினி இட்லி? வாயத் தொறந்து சொல்லேன்."

பகலவன் எழுந்து படியில் தடதடவென்று இறங்கினான். கடையில் கெங்கம்மா மட்டும்தான் இருந்தாள். கையில் கரண்டியோடு.

"இப்ப யாரும்மா வந்தது?"

"யாரோ ஒருத்தரு. இம்மா நேரம் நின்னுகினு இருந்தாரு. எதுவும் கேக்கல. உன் வூட்டு ஜன்னலயே பாத்துகினு இருந்தாரு."

"ஆளு எப்டி?"

"மூஞ்சி எங்க பாத்தேன். காலு பூரா மண்ணு, அதான் பாத்தேன். நீ படில எறங்கி வந்தியே... அப்ப தானே அவரு ஏறிப் போனாரு. உன்ன தாண்டிகினு தான் போயிருப்பாரு."

படியில் பகலவனை யாரும் தாண்டிப் போகவில்லை.

அவன் எப்படி மேலே ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. கதவு அவன் விட்டுப்போன மாதிரியே திறந்து கிடந்தது. ரமாபாய் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். குக்கர் விசில் அடித்தது... அதே விசில் ஸ்பீக்கரிலும் அடித்தது. இரண்டாவது விளக்கு கொஞ்சம்கூடச் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாயா இது, நம்ம வூட்டு சத்தம் அதுல கேக்குது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் கூவியது. கீ...ஈஈ என்று, காதைக் கிழிக்கிற மாதிரி. மைக் பிடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். மைக்கை ஸ்பீக்கருக்கு நேராக, பக்கத்தில் கொண்டுவந்தால்தான் அப்படிக் கூவும். முதல் மைக் பெட்டிக்குள் கிடந்தது, பேட்டரிகூட இல்லாமல்.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. சத்தம் நின்றது. அறையில் அவர்கள் இரண்டு பேர்... அவ்வளவுதான். ஈர மணல் வாசனை. அதோடு படகு டீசல் வாசனை.

"யோவ்..." ரமாபாயின் குரல் கீழே போய்விட்டது. "ஃபேன் போட்டியா?"

"இல்லயே."

அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி அசைந்தது. ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. பாடுகிறவர்கள் பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் மைக்கில் வாயை வைத்து ஊதிப் பார்ப்பார்களே... அந்த மாதிரி.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினான். செருப்பு போடவில்லை. அடுப்பை அணைக்கவில்லை. கெங்கம்மாதான் பிறகு ஆள் கூட்டிக்கொண்டு போய் அணைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் புளியந்தோப்பில் லட்சுமணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ரமாபாயின் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன, அந்த வெயில் காலத்தில். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். வியாசர்பாடி வீட்டில் இன்னும் அவர்கள் பூட்டுதான் தொங்குகிறது. பகலவன் இப்போது ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். வாத்தியம் எதையும் தொடுவதில்லை.

வீட்டை விட்டு ஓடி வந்த மறுநாள் காலையில் லட்சுமணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பிளாக் வரைக்கும் போனான். மேலே ஏறவில்லை. கீழே நின்றபடியே நர்மதாவுக்குப் போன் போட்டான். அதுவரை எடுக்காதவள், முதல் மணியிலேயே எடுத்தாள்.

தெரிந்தேதானே எங்கள் தலையில் கட்டினாய் என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அண்ணா... அவரு அங்க வந்துட்டாரா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. லட்சுமணனும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"சொல்லுண்ணா. நெஜமா வந்துட்டாரா?"

பகலவன் மேலே தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தான். "வந்துட்டாரும்மா" என்றான்.

அவள் போனை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்று மாதிரிப் பேசினாள்.

"அப்ப... ராத்திரிலேந்து எங்க வூட்டு கதவாண்ட நின்னுகினு, அவரு கொரல்ல என் பேரச் சொல்லி கூப்புட்டுகினு கீறது... யாருண்ணா?"