கட்டி முடித்தபின் போட்ட அஸ்திவாரம்

தட்டாஞ்சாவடியில் டவுன் பஸ் ஏறினேன். முன் சீட்டில் மடியில் லேப்டாப் பையோடு ஒரு பெண். பக்கத்தில் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய மேஸ்திரி.

“முடிஞ்ச கட்டடத்துக்கு இன்னிக்குத்தாண்ணே அஸ்திவாரம் போட்டேன்” என்றாள் அவள்.

“என்னம்மா சொல்ற?”

“கம்ப்யூட்டர்லண்ணே. கட்டடத்த முழுசா கம்ப்யூட்டர்ல கட்டிப் பாத்துட்டு அப்பறம் வேலைய ஆரம்பிச்சா அரசாங்கம் சலுகை குடுக்குதாம். நம்ம மொதலாளிக்கு இப்பத்தான் ஞாபகம் வந்திருக்கு.”

“அது எங்க தப்புன்னு முன்னாடியே காட்டத்தானே?”

“காட்டுச்சே! மாடிப்படிக்குக் குறுக்க பீம் போவுது, ஏறுறவங்க தலையில இடிக்கும்னு செவப்பா காட்டுச்சு.”

மேஸ்திரி பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். “இத எனக்குச் சொல்ல கம்ப்யூட்டர் வேணுமா? அவருகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். சலுகை போயிடும், அந்தச் செவப்ப எடுத்துடுன்னாரு. பீமை ஒரு அடி மேல தூக்கி வெச்சிட்டேன்.”

“கட்டடத்துலயா?”

“மாடல்லண்ணே. கட்டடத்துல அது அங்கயேதான் இருக்கு.”

“வெளங்கிடும்.”

“நாளைக்கு ஆபீசருங்க பாக்க வராங்க. மொதலாளிதான் முன்னாடி ஏறி மாடியக் காட்டப் போறாரு.”

நெல்லித்தோப்பில் இருவரும் எழுந்தார்கள். மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை.

“அவரு என்னைவிட ஒசரம்மா. குனிஞ்சு ஏறச் சொல்லிடு.”

“எதுக்குண்ணே? மாடல்லதான் இடிக்கலையே” என்றபடி அவள் இறங்கினாள்.