எச்சரிக்கைப் பத்தியின் வரி இடைவெளி

இரண்டு வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கண்ணுக்கு வசதியாக இருந்தால் படித்துக்கொண்டே போய்விடுவார்கள். அப்படிக் கவனிக்காமல் போகும்படி செய்வதுதான் பதினேழு வருஷமாக என் பிழைப்பு.

எங்கள் நிறுவனம் இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிக்கிறது. எழுதுகிறவர்கள் இது தலைப்பு, இது படி, இது எச்சரிக்கை என்று அடையாளம் மட்டும் போட்டு எழுதுவார்கள். அந்தக் கோப்பில் அழகும் கிடையாது, அளவும் கிடையாது. வாடிக்கையாளர் வேர்டு கோப்பாகக் கேட்டால் நான் மாற்றித் தருவேன். எந்த அடையாளத்துக்கு எந்த எழுத்து, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் என்னிடமிருக்கும் ஒரு மாதிரிக் கோப்பில் இருக்கிறது. அலுவலகத்தில் எனக்கு 'இடைவெளி' என்றே பட்டப்பெயர். கூப்பிட்டால் நானும் சிரித்துக்கொள்வேன்.

என் மனைவி கையேடு எழுதுகிறவள். அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். கெட்டிக்காரி. இயந்திரத்தைப் பிரித்துப் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். வாடிக்கையாளர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வெளியிலிருந்து வந்த சிலருக்கு ஒருநாள் எல்லோரையும் அறிமுகப்படுத்தியவர், என் மேசைக்கு வந்ததும், "இவரு அவங்க வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். என் வேலை என்ன என்று சொல்லவில்லை. அவள் லேசாகச் சிரித்தாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அது செவ்வாய்க்கிழமை, அவள் பச்சைச் சட்டை போட்டிருந்தாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்கு மாவு பிசையும் புது இயந்திரம் வந்தது. கையேட்டை அவள் எழுதினாள். மின்சாரத்தை நிறுத்தினாலும், உள்ளே தேங்கிய காற்றழுத்தத்தில் பிசையும் கம்பி இன்னும் ஒரு சுற்று சுற்றும். வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றிய பிறகுதான் உள்ளே கை விட வேண்டும். எண்ணெய்க் கையோடு நிற்கிறவர்கள் வார்த்தையைப் படிக்க மாட்டார்கள், படத்தைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி, அந்த எச்சரிக்கை முழுவதையும் சிவப்புக் கட்டம் கட்டிய ஒரே படமாக வைத்தாள். கூட்டத்தில் அவள் அதை விளக்கியபோது நானும் இருந்தேன். நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது.

வரி இடைவெளியில் ஒரு சங்கதி உண்டு. 'குறைந்தது இவ்வளவு' என்று வைத்தால், வரியில் பெரிய படம் வரும்போது வரியும் உயர்ந்து இடம் கொடுக்கும். 'சரியாக இவ்வளவு' என்று வைத்தால் கொடுக்காது. படம் இருக்கும், ஆனால் அதன் அடிப்பகுதியில் ஒரு கீற்று மட்டுமே வெளியே தெரியும். எச்சரிக்கைப் பத்திக்கு மட்டும் நான் 'சரியாகப் பன்னிரண்டு பாயின்ட்' என்று, அதாவது ஒரு வரி எழுத்தின் உயரத்துக்கு, வைத்தேன்.

பக்கம் கொஞ்சம் அலங்கோலமாக வரட்டும், வாடிக்கையாளர் முகம் சுளிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அச்செடுத்துப் பார்த்தால் அலங்கோலமே இல்லை. படம் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. லட்சணமாகக்கூட இருந்தது. திருப்பி மாற்ற அரை நிமிஷம் போதும். மாற்றவில்லை.

மறுநாள் வேறொரு வேலையாக அவள் வெளியூர் போக வேண்டியிருந்தது. பெட்டியை அடுக்கிக்கொண்டே, "படமெல்லாம் ஒழுங்கா வந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் வந்திருக்கு" என்றேன். பொய் இல்லை. படம் கோப்புக்குள்தான் இருந்தது.

அவள் ஊரில் இல்லாதபோது தொழிற்சாலையின் மெக்கானிக் போன் செய்தார். அவளைத்தான் கேட்டார். இல்லை என்றதும், போனால் போகிறது என்பது போல என்னிடம் விசாரித்தார். மரியாதையான மனிதர்.

"சுத்தம் பண்ற பக்கத்துல ஒரு செவப்புக் கோடு வருது சார். அது ஏதாவது விஷயமா, சும்மாவா?"

"சும்மாதான். அழகுக்குப் போட்டது."

"சரிங்க சார். நாளைக்கு நான்தான் உள்ள கை விடப்போறேன், அதான் கேட்டுக்கிட்டேன்."

"பாத்துப் பண்ணுங்க" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் அவர் மின்சாரத்தை நிறுத்தினார். சாவியைக்கூடச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம். பிறகு கை விட்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

எச்சரிக்கையே இல்லாமல் கையேடு எழுதியவள் என்று பழி அவள்மேல் விழுந்தது. அந்த மெக்கானிக்கின் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை, தலை வாரவில்லை. நான் லீவு போட்டுவிட்டுச் சோறு ஊட்டினேன். என் கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு அன்னியோன்னியமாக இருந்ததில்லை. அந்த ஐந்து வாரமும் எனக்கு நன்றாகப் பசித்தது.

பிறகு ஒரு காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, அந்தக் கோப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். இரண்டே நாள். கண்டுபிடித்துவிட்டாள். விசாரணை அதிகாரியான உங்களிடம் ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்ற நிறுவனங்களுக்கும் அதைப் பாடமாக அனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்து, பழைய முகத்தோடு, என்னிடம் சொன்னாள்.

"மென்பொருள் தானா மாத்தியிருக்குங்க. உங்க மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

அதனால்தான் இன்று நானாக வந்தேன். தானாக அப்படி மாறாது. மற்ற எல்லாப் பத்தியையும் விட்டுவிட்டு எச்சரிக்கைப் பத்தியில் மட்டும் எப்படி மாறும்? அவ்வளவு கெட்டிக்காரிக்கு அது தோன்றவில்லை. மாற்றியவன் நான். படம் மறைந்தது தெரிந்தும் விட்டவன் நான். கேட்ட மனிதரிடம் சும்மா என்று சொன்னவனும் நான். அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். கட்டின மனைவிமேல் யாராவது பொறாமைப்படுவார்களா? அவள்மேல் ஒரு சொல் வரக் கூடாது என்றுதானே இவ்வளவும் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையில் அவள் கண்டுபிடித்தாள் என்று இருக்க வேண்டாம். நான் சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதுங்கள்.